ஜவுளிக்கடையின் கொள்முதல் மேசையும் நொய்யல் தண்ணீரும்

தமிழ்நாட்டில் ஒரு ஜவுளிக்கடை சுற்றுச்சூழலுக்காக ஏதாவது செய்ய நினைத்தால் முதலில் கை வைப்பது பையில்தான். ஒருமுறை பயன்படுத்தி எறியும் பிளாஸ்டிக் பொருள்களுக்கு 2019 ஜனவரி 1 முதல் மாநில அரசின் தடை நடப்புக்கு வந்தது. துணி மாதிரியே தெரியும் நான்-ஓவன் பைகளும் அந்தப் பட்டியலில் இருந்தன. 2021 டிசம்பரில் 'மீண்டும் மஞ்சப்பை' இயக்கம் தொடங்கியது. ஜவுளிக்கடைகளுக்கு மஞ்சப்பை புதிய சங்கதி இல்லை. கல்யாணத்துக்குப் பட்டெடுத்த வீடுகளில், கடைப்பெயர் அச்சிட்ட அந்த மஞ்சள் பை பல வருடம் காய்கறி வாங்கப் போய்வந்திருக்கிறது. அது திரும்பி வருவது நல்லதுதான்.

ஆனால் பையைப் பற்றிய ஓர் ஆய்வு, பைக்கு அப்பால் பார்க்கச் சொல்கிறது. டென்மார்க் சுற்றுச்சூழல் முகமை 2018-ல் வெளியிட்ட அந்த ஆய்வின்படி, ஒரு பருத்திப் பை பருவநிலைக் கணக்கில் மட்டும் சாதாரண பிளாஸ்டிக் பைக்கு ஈடாக வேண்டுமென்றாலே குறைந்தது 52 முறை பயன்பட வேண்டும். தண்ணீர், ரசாயனம் எல்லாவற்றையும் சேர்த்தால் அந்த எண்ணிக்கை ஆயிரங்களில் போகிறது. கால்வாயை அடைப்பதும் மாட்டின் வயிற்றில் சேர்வதுமான பிளாஸ்டிக் குப்பையை அந்த ஆய்வு கணக்கில் எடுக்கவில்லை. அதனால் மஞ்சப்பை வீண் என்று யாரும் இதைக் காட்டிச் சொல்ல முடியாது. நாம் கவனிக்க வேண்டியது வேறு. ஒரு சின்னப் பருத்திப் பையைச் செய்வதே இவ்வளவு பாரமான வேலை என்றால், அதற்குள் மடித்துப் போட்டுத் தரும் ஐந்தாறு உருப்படிகளின் பாரம் எவ்வளவு?

பாதிப்பு எந்தக் கட்டத்தில் நடக்கிறது

ஆடைத் தொழில்தான் உலகின் இரண்டாவது பெரிய மாசுத் தொழில் என்று அடிக்கடி படிக்கிறோம். அதற்கு உறுதியான ஆய்வு எதுவும் அடிப்படையாக இல்லை. நம்பகமான மதிப்பீடுகளில் ஒன்று, உலக வள நிறுவனமும் அப்பரல் இம்பாக்ட் இன்ஸ்டிடியூட்டும் 2021-ல் வெளியிட்டது. 2019-ல் ஆடைத் தொழில் வெளியேற்றிய பசுங்குடில் வாயுக்கள் சுமார் 102 கோடி டன், அதாவது உலக மொத்தத்தில் ஏறத்தாழ 2 சதவீதம் என்கிறது அது. எண் சிறிதாகத் தெரியலாம். அதை அவர்கள் கட்டம் கட்டமாகப் பிரித்திருப்பதுதான் நமக்கு முக்கியம். பருத்தி, பாலியஸ்டர் போன்ற மூலப்பொருளுக்கு 24 சதவீதம். அதை நூலாக்கும் கட்டத்துக்கு 15. வெட்டித் தைப்பதற்கு வெறும் 9. மீதி 52 சதவீதமும் நூலைத் துணியாக்கி, வெளுத்து, சாயம் ஏற்றி, பினிஷிங் செய்யும் கட்டத்தில் இருக்கிறது. பாய்லர் எரிவதும் தண்ணீர் கொதிப்பதும் அங்கேதான்.

மேலை நாடுகளில் துணியை வாங்கிய பிறகும் நிறைய மின்சாரம் செலவாகிறது. வெந்நீரில் துவைத்து டிரையரில் உலர்த்துகிறார்கள். நம் வீடுகளில் பச்சைத் தண்ணீரில் துவைத்துக் கொடியில் காயப்போடுகிறோம். எனவே இங்கே ஒரு சட்டையின் வாழ்நாள் பாதிப்பில் இன்னும் பெரிய பங்கு அது கடைக்கு வருவதற்கு முன்பே நடந்து முடிந்துவிடுகிறது. ஒரு ஜவுளிக்கடை உண்மையாகவே பாதிப்பைக் குறைக்க விரும்பினால், அது உட்கார்ந்து பேச வேண்டிய இடம் கொள்முதல் மேசை. எந்தத் துணி, எந்த நிறம், எத்தனை உருப்படி, எந்த விலைக்கு, எத்தனை நாளில் என்று அங்கே முடிவாகும் ஒவ்வொன்றும் எங்கோ ஒரு சாயப்பட்டறையின் தொட்டியில் போய் முடிகிறது.

ஒரு கறுப்பு டி-ஷர்ட்டுக்கு எவ்வளவு உப்பு

பருத்திக்கு இன்று பெரும்பாலும் ரியாக்டிவ் சாயங்களையே பயன்படுத்துகிறார்கள். இந்தச் சாயம் தண்ணீரிலிருந்து நூலுக்குள் இறங்க உப்பு வேண்டும். சாதாரண உப்போ சோடியம் சல்பேட்டோ. வெளிர் நிறத்துக்கு லிட்டருக்கு 20, 30 கிராம் போதும். கறுப்பு, நேவி ப்ளூ, மெரூன் போன்ற அடர் நிறங்களுக்கு 80 கிராமுக்கு மேலே போகும். ஒரு கிலோ துணிக்கு 8 லிட்டர் தண்ணீர் பிடிக்கும் இயந்திரம் என்று வைத்துக்கொண்டால், கிலோவுக்கு 640 கிராம் உப்பு. 200 கிராம் எடையுள்ள ஒரு கறுப்பு டி-ஷர்ட்டுக்கு ஏறத்தாழ 130 கிராம். சாயத்திலாவது பெரும்பகுதி துணியில் தங்கும். உப்பு துளியும் தங்காது. சாயத்தை உள்ளே தள்ளிவிட்டு அத்தனையும் கழிவுநீரோடு வெளியேறும். துணியில் பிடிக்காமல் போன சாயமும், காரத்துக்குப் போட்ட சோடாவும், அடுத்தடுத்து அலசிய தண்ணீரும் அதோடு சேரும்.

இந்த உப்பு என்ன செய்யும் என்பதை நொய்யல் காட்டியது. வெள்ளியங்கிரி மலையில் பிறந்து கோவை, திருப்பூர் வழியாக ஓடிக் கரூர் மாவட்டத்தில் காவிரியில் சேரும் ஆறு அது. பாசனத்துக்காக அதன் குறுக்கே கட்டிய ஒரத்துப்பாளையம் அணை 1992-ல் திறக்கப்பட்டது. சில ஆண்டுகளிலேயே அது சாயக்கழிவு தேங்கும் குளமாக மாறியது. எந்த அணையில் தண்ணீர் திறந்தால் விவசாயிக்கு மகிழ்ச்சியோ, அந்த அணைத் தண்ணீரைத் திறக்காதீர்கள் என்று விவசாயிகளே கேட்கும் நிலை வந்தது. கிணறுகள் உப்பேறின. கால்நடைக்குக்கூட அந்தத் தண்ணீரைக் காட்ட முடியவில்லை. நிறத்தை நீக்குவது ஒப்பீட்டில் எளிது. தண்ணீரில் கரைந்த உப்பைச் சாதாரண சுத்திகரிப்பால் எடுக்க முடியாது என்பதுதான் பிரச்சினையின் வேர்.

நொய்யல் ஆயக்கட்டு விவசாயிகள் சங்கம் நீதிமன்றம் போனது. 2006 டிசம்பரில் சென்னை உயர் நீதிமன்றம் ஒரு சொட்டுக் கழிவும் வெளியே போகக் கூடாது என்ற நிலையை எட்டக் கெடு விதித்தது. 2009 அக்டோபரில் உச்ச நீதிமன்றமும் அதை உறுதிசெய்தது. கெடுக்கள் கடந்தும் ஆறு மாறாததால், 2011 ஜனவரி 28-ல் திருப்பூரின் சாயப்பட்டறைகளையும் பொதுச் சுத்திகரிப்பு நிலையங்களையும் மூட உயர் நீதிமன்றம் உத்தரவிட்டது. எழுநூறுக்கும் மேற்பட்ட பட்டறைகள் நின்றன. ஊரின் தொழிலே ஆடிப்போனது. அதன் பிறகுதான் 'ஜீரோ டிஸ்சார்ஜ்' திருப்பூரில் நிஜமாக வேரூன்றியது. கழிவுநீரை ஆர்.ஓ. சவ்வுகள் வழியாகத் தள்ளித் தண்ணீரைத் திரும்ப எடுக்கிறார்கள். மிஞ்சும் கெட்டியான உப்புநீரில் ஒரு பகுதியை மறுபடி சாயத்துக்கே பயன்படுத்துகிறார்கள். மற்றதை ஆவியாக்கி உப்பாக எடுக்கிறார்கள். பெரும்பகுதித் தண்ணீரும் கணிசமான உப்பும் சுழற்சியில் திரும்பி வருகின்றன.

இது பெருமைப்பட வேண்டிய சாதனை. உலகின் ஆடை மையங்களில் ஓர் ஊரே இந்த அளவுக்குத் தண்ணீரைச் சுழற்றுவது அரிது. ஆனால் இலவசமாக நடக்கவில்லை. உப்புநீரை ஆவியாக்க நீராவி வேண்டும், நீராவிக்கு விறகோ நிலக்கரியோ எரிய வேண்டும். ஆற்றைக் காப்பாற்ற நாம் கொடுக்கும் விலையில் ஒரு பகுதி புகைபோக்கி வழியாகப் போகிறது. எதற்கும் பயன்படாத கலப்பு உப்பு கொட்டகைகளில் மலையாகச் சேர்வது இன்றுவரை தீராத தலைவலி. எனவே கழிவைச் சுத்திகரிப்பதைவிட முதலிலேயே குறைவாக உப்பு போடுவதுதான் சிறந்த வழி. அங்கேதான் கடைக்காரருக்கு யாரும் சொல்லாத ஓர் அதிகாரம் இருக்கிறது. நிறத்தைத் தேர்ந்தெடுப்பது அவர்தான்.

ஒரு ஸ்டைலுக்குப் பன்னிரண்டு நிறம் என்று ஆர்டர் எழுதும்போது, அதில் ஏழு அடர் நிறமா நான்கு அடர் நிறமா என்பது உப்பின் அளவைத் தீர்மானிக்கும் முடிவு. கறுப்பு லெகிங்ஸை நிறுத்திவிடுங்கள் என்று யாரும் சொல்ல வரவில்லை, அது விற்கும். ஆனால் அதே கறுப்பைக் குறைந்த தண்ணீரில் செய்யும் சாஃப்ட் ஃப்ளோ இயந்திரத்தில் சாயமிட்டதா, உப்பே இல்லாமல் சாயத்தைத் துணியில் ஒற்றி உருளையில் சுற்றி ஊறவைக்கும் கோல்டு பேட் பேட்ச் முறையில் செய்ததா என்று கேட்க முடியும். வெட்டுக்கழிவை நிறம் பிரித்து மறுபடி நூலாக்கிய ரகங்களும் இருக்கின்றன. பனியன் கம்பெனிகளின் கட்டிங் வேஸ்ட்டைச் சிவப்பு தனி, நீலம் தனி என்று பிரித்து, அரைத்துப் பஞ்சாக்கி, கோவை, திருப்பூர் வட்டாரத்து ஓ.இ. (ஓபன் எண்ட் முறையில் நூற்கும்) மில்கள் நூலாக்குகின்றன. பழைய நிறமே நூலிலும் வந்துவிடுவதால் திரும்பச் சாயம் போட வேண்டியதில்லை. இழை குட்டையாகிவிடுவதால் மெல்லிய சட்டைக்கு அது சரிவராது. போர்வை, மேட், கனமான டி-ஷர்ட், பை போன்றவற்றுக்கு நன்றாகவே வரும். கடை கொடுக்கும் துணிப்பையை இந்த நூலில் செய்யச் சொன்னால், முதலில் பார்த்த அந்த 52 முறைக் கணக்கும் நிச்சயம் இறங்கும்.

ஏற்றுமதிக்குக் கேட்கிற கேள்வி, உள்ளூருக்கு ஏன் இல்லை

எனக்கு மிகவும் உறுத்தும் விஷயம் இதுதான். ஐரோப்பிய பிராண்டு ஒன்று திருப்பூரில் ஆர்டர் கொடுத்தால், துணி எந்தச் சாயப்பட்டறைக்குப் போக வேண்டும் என்றுகூட அதுவே சொல்லும். 'நாமினேட்டட் டையிங்' என்பார்கள். ரசாயனப் பட்டியல் கேட்கும், ஆய்வுக்கு ஆள் அனுப்பும். அதே ஊரிலிருந்து, ஈரோட்டிலிருந்து, சேலத்திலிருந்து நம் ஊர்க் கடைகளுக்கு வரும் சரக்குக்கு இந்தக் கேள்விகள் பெரும்பாலும் எழுவதே இல்லை. ரேட் என்ன, டெலிவரி எப்போது, சாயம் போகுமா என்பதோடு பேச்சு முடிந்துவிடுகிறது.

கேட்காததன் விளைவு எளிய கணக்கு. சுத்திகரிப்புக்குச் செலவு செய்யும் பட்டறையால் செலவே செய்யாத பட்டறையின் விலைக்குச் சாயமிட்டுத் தர முடியாது. கடைக்காரர் விலையை மட்டும் பார்த்தால், நேர்மையான பட்டறை ஆர்டரை இழக்கிறது. காவிரிக் கரையிலுள்ள பள்ளிபாளையம், குமாரபாளையம் பகுதிகளில் அனுமதியில்லாமல் ஓடும் சாயப்பட்டறைகளை மாசுக் கட்டுப்பாட்டு வாரிய அதிகாரிகள் இடித்தார்கள், மின்சாரத்தைத் துண்டித்தார்கள் என்று செய்தி வந்துகொண்டே இருக்கிறது. இடித்த இடத்துக்குப் பக்கத்தில் இன்னொன்று முளைக்கிறது. காரணம், அங்கே சாயமிட்ட துணியை வாங்க யாரோ இருக்கிறார்கள். அந்தக் காவிரித் தண்ணீரை ஈரோட்டுக்குக் கீழே எத்தனை ஊர்கள் குடிக்கின்றன என்று நினைத்தால், 'எனக்கும் சாயத்துக்கும் என்ன சம்பந்தம், நான் கடை நடத்துகிறேன்' என்று சொல்ல மனம் வராது.

கடைக்காரர் கேட்க வேண்டியது பெரிய ஆராய்ச்சி ஒன்றும் இல்லை. இந்த லாட் எங்கே சாயமானது? அந்தப் பட்டறைக்கு வாரியத்தின் இசைவாணை இருக்கிறதா? பொதுச் சுத்திகரிப்பு நிலையத்தில் உறுப்பினரா, இல்லை சொந்த நிலையம் வைத்திருக்கிறதா? சாயக்கூலி பில்லின் நகலைச் சரக்கோடு அனுப்ப முடியுமா? நான்கே கேள்விகள். முதல் தடவை சப்ளையர் முகம் சுளிப்பார். நடுவில் ஏஜென்ட் இருந்தால் அவருக்கே தெரிந்திருக்காது. விசாரித்துச் சொல்லச் சொல்லுங்கள்.

சான்றிதழ் இருந்தால் போதுமே என்று தோன்றலாம். ஜிஓடிஎஸ், ஓகோ-டெக்ஸ் போன்றவற்றுக்கு மதிப்பு உண்டு. இரண்டும் ஒன்றல்ல: ஓகோ-டெக்ஸ் 100 முத்திரை துணியில் உடலுக்குக் கேடான பொருள் மிச்சமில்லை என்று சொல்கிறது, ஆறு சுத்தமாக இருந்ததா என்று சொல்வதில்லை. ஜிஓடிஎஸ் இயற்கைப் பருத்தியையும் பதப்படுத்தும் முறையையும் சேர்த்துப் பார்க்கிறது. ஆனால் 2020 அக்டோபரில் அந்த அமைப்பே, இந்தியாவில் 20,000 டன் பருத்திக்குப் போலிச் சான்றிதழ்கள் புழங்கியதைக் கண்டுபிடித்து 11 நிறுவனங்களைத் தடை செய்தது. காகிதத்தை வாங்கி ஃபைலில் வைப்பதோடு நிற்காமல், வருடத்துக்கு ஒருமுறையாவது பட்டறைக்கு நேரில் போய்ப் பார்ப்பது நல்லது. தமிழ்நாட்டுக் கடைக்காரருக்கு இது சாத்தியம். லண்டனிலோ ஸ்டாக்ஹோமிலோ இருக்கும் பிராண்டு விமானம் ஏறி வர வேண்டும். மதுரைக் கடைக்காரர் காலையில் கிளம்பினால் ராத்திரி வீடு திரும்பிவிடலாம்.

கைத்தறி பற்றியும் ஒரு வார்த்தை. நெசவுக்கு மின்சாரம் தேவையில்லை, நீடித்து உழைக்கும், நெசவாளர் குடும்பத்துக்குக் காசு போகும். 1935 முதல் கோ-ஆப்டெக்ஸ் செய்துவரும் வேலைக்கு நாம் கடமைப்பட்டிருக்கிறோம். ஆனால் கைத்தறி நூலுக்கும் சாயம் வேண்டும். ஊருக்குள் சின்னத் தொட்டிகளில் நூல் கட்டுகளை முக்கியெடுக்கும் இடங்களில் அதே உப்பும் அதே சாயமும்தான் சாக்கடைக்குப் போகின்றன. கைத்தறி என்று போர்டு எழுதும் முன் சாயத்தைப் பற்றிய கேள்வியை அங்கேயும் கேட்க வேண்டும்.

விற்காத சட்டை

எந்தத் துணியின் பாதிப்பு முழுக்க வீண்? யாரும் போடாத துணியின் பாதிப்பு. பிரிட்டனின் ஆடம்பர ஆடை நிறுவனமான பர்பெரி ஒரே நிதியாண்டில் 2.86 கோடி பவுண்டு மதிப்புள்ள விற்காத சரக்கை அழித்தது 2018-ல் தெரியவந்து பெரும் கண்டனம் எழுந்தது. அந்த வருடமே அந்த வழக்கத்தைக் கைவிடுவதாக அறிவித்தது. பிரான்ஸ் 2020-ல் சட்டம் போட்டு, விற்காத ஆடைகளை அழிப்பதை 2022 முதல் தடை செய்தது. ஐரோப்பிய ஒன்றியத்தின் புதிய சட்டப்படி பெரிய நிறுவனங்களுக்கு 2026 ஜூலை 19 முதல் இதே தடை.

நம் ஊரில் யாரும் துணியை எரிப்பதில்லை. ஆடித் தள்ளுபடியில் போகும், அதிலும் போகாதது மொத்த வியாபாரிக்குக் கைமாறும், சந்தைக்கும் நடைபாதைக்கும் போகும். அப்படி யாரோ ஒருவர் உடுத்துவது நல்ல விஷயம். ஆனால் அந்தச் சங்கிலிக்குப் பின்னால் தேவைக்கு மேல் வாங்கும் பழக்கம் ஒளிந்துகொள்கிறது. ஆடி என்பது தேங்கிய சரக்கைக் கழிக்கும் மாதமாக இருந்தது. இன்று பல கடைகள் ஆடிக்கென்றே தனியாக மலிவுச் சரக்கு ஆர்டர் கொடுக்கின்றன. இரண்டு துவைப்பில் உருண்டை கட்டும் துணிக்கும் கிலோவுக்கு அதே உப்பு, அதே தண்ணீர், அதே விறகு.

தேக்கத்துக்கு இன்னொரு காரணம் செட் முறை. மொத்த வியாபாரத்தில் எஸ், எம், எல், எக்ஸ்எல் என்று கட்டிய செட்டாகத்தான் தருவார்கள். கடையில் எல்லும் எக்ஸ்எல்லும் போய்விட, எஸ் நின்றுவிடும். சைஸ் உடைந்த சரக்கை எந்தக் கவுண்டரிலும் பார்க்கலாம். தன் வாடிக்கையாளரின் அளவு என்ன என்பது இன்று பில்லிங் மென்பொருளிலேயே இருக்கிறது. மூன்று வருட விற்பனையை எடுத்து அளவு வாரியாகப் பார்த்து, அந்த விகிதத்தில் செட் கட்டித் தரச் சொல்லிக் கேட்கலாம்.

இன்னும் பயனுள்ள வழி, நிறத்தைத் தள்ளிப்போடுவது. இத்தாலிய ஆடை நிறுவனமான பெனட்டன் 1970-களிலேயே ஸ்வெட்டர்களைச் சாயமிடாமல் பின்னி வைத்து, எந்த நிறம் விற்கிறதோ அதைப் பிறகு ஏற்றும் உத்தியைக் கையாண்டது. நம் கடைகள் அந்த அளவுக்குப் போக வேண்டாம். தேவையான துணியில் பாதிக்கு மட்டும் முதலில் நிறம் சொல்லிவிட்டு, மீதியைச் சாயம் ஏறாத துணியாகவே சப்ளையரிடம் நிறுத்திவைக்கலாம். முதல் மூன்று வார விற்பனையைப் பார்த்து மீதிக்கு நிறம் சொல்லலாம். சைனாவிலிருந்து கப்பலில் வாங்கும் கடைக்கு இது முடியாது. திருப்பூருக்கும் ஈரோட்டுக்கும் ஒரு ராத்திரி லாரித் தூரத்தில் இருக்கும் கடைக்கு முடியும்.

நீடித்து உழைக்கும் துணி

கழிவைக் குறைக்க உழைக்கும் பிரிட்டனின் ராப் அமைப்பு 2012-ல் போட்ட கணக்கு: ஓர் ஆடை வழக்கத்தைவிட ஒன்பது மாதம் கூடுதலாக உழைத்தால் அதன் கார்பன், தண்ணீர், கழிவுத் தடம் 20 முதல் 30 சதவீதம் வரை குறையும். புதிய தொழில்நுட்பம் எதுவும் தேவைப்படாத குறைப்பு இது.

கடை இதற்கு எளிதாகச் செய்யக்கூடியது மாதிரித் துணியைத் துவைத்துப் பார்ப்பது. ஆர்டர் கொடுக்கும் முன் இரண்டு மாதிரிகளை வாங்கி, ஒன்றை வைத்துவிட்டு மற்றொன்றை வீட்டு மெஷினில் இருபது தடவை துவைத்து வெயிலில் காயவைத்தால் போதும். சுருக்கம், சாயம், கழுத்துப் பட்டை தொங்குவது, பக்கத் தையல் முறுக்கிக்கொண்டு முன்னால் வருவது எல்லாம் தெரிந்துவிடும். தொட்டதும் பட்டு போல வழுக்கும் பனியன் துணிக்கு மயங்கிவிடக் கூடாது. என்சைம் கொண்டு செய்யும் பயோ வாஷ் மேல்நுண்ணிழையைத் தின்று மிருதுவாக்கும், அளவு மீறினால் துணியின் வலுவையும் தின்றுவிடும்.

தையலில் துணி விட்டுத் தைக்கச் சொல்வது இரண்டாவது. நம் தையல்காரர்கள் பிள்ளைகளுக்குத் தைக்கும்போது வளர்த்திக்கு என்று உள்ளே மடிப்பு விட்டுத் தைப்பார்கள். அடுத்த வருடம் பிரித்துவிட்டால் அளவு சரியாகிவிடும். ரவிக்கையில் இன்றும் இது உண்டு. ரெடிமேடில் ஓவர்லாக் அடித்து ஓரத்தை வெட்டிவிடுவதால் பிரிக்க ஒன்றுமே இருப்பதில்லை. பள்ளிச் சீருடைக்கு மட்டுமாவது பேண்ட் கீழ்மடிப்பில் இரண்டு அங்குலமும் இடுப்பில் ஓர் அங்குலமும் விடச் சொல்லிக் கடைகள் ஆர்டர் கொடுத்தால், எத்தனையோ குடும்பங்களுக்கு ஒரு வருடச் செலவு மிச்சம். துணி கொஞ்சம் கூடப் பிடிக்கும், ஆனால் அது ஒரு முழு பேண்ட்டை மிச்சப்படுத்தும்.

பெரும்பாலான ஜவுளிக்கடைகளில் ஆல்டரேஷனுக்கு ஒரு தையல்காரர் ஏற்கெனவே உட்கார்ந்திருக்கிறார். புது பேண்ட்டின் நீளத்தைக் குறைப்பதோடு அவர் வேலையை நிறுத்திவிடுகிறோம். அதே கடையில் வாங்கிய பழைய துணிக்கு ஜிப் மாற்ற, பித்தான் தைக்க, கிழிசல் அடைக்க, இடுப்பைப் பிரித்துவிட அவரிடம் வரலாம் என்று ஒரு போர்டு வைத்தால் போதும். அவருக்கும் வருடம் முழுக்க வேலை இருக்கும். எந்தத் துணி எந்த இடத்தில் முதலில் போகிறது என்று அந்த மேசையில் தெரியவரும் தகவல், அடுத்த கொள்முதலுக்குக் கிடைக்கும் ஆகச் சிறந்த அறிக்கை.

பாலியஸ்டரும் ஏசியும் பழைய துணியும்

உலகில் 2023-ல் உற்பத்தியான இழை 12.4 கோடி டன். அதில் 57 சதவீதம் பாலியஸ்டர். துவைக்கும்போது உதிரும் செயற்கை இழைத் துகள்கள்தான் முதன்மை நுண்பிளாஸ்டிக்கில், அதாவது துகளாகவே கடலில் சேரும் பிளாஸ்டிக்கில், 35 சதவீதம் என்று பன்னாட்டு இயற்கைப் பாதுகாப்பு ஒன்றியமான ஐயுசிஎன் 2017-ல் மதிப்பிட்டது. மறுசுழற்சி பாலியஸ்டர் என்று விற்பதில் கிட்டத்தட்ட எல்லாமே பழைய தண்ணீர் பாட்டிலிலிருந்து வருவது, பழைய துணியிலிருந்து அல்ல. பாட்டில் மறுபடி பாட்டிலாகலாம். சட்டையான பிறகு அதற்குப் பெரும்பாலும் அடுத்த பிறவி இல்லை. பருத்தியும் பாலியஸ்டரும் கலந்த துணியைப் பிரித்தெடுப்பது இன்னும் கடினம். கடை செய்ய வேண்டிய முதல் காரியம், எதில் என்ன கலவை என்று உள்ளபடியே எழுதிவைப்பது. காட்டன் என்று போர்டு மாட்டிய அடுக்கில் பாலியஸ்டர் கலந்த துணி இருந்தால் வாங்குபவர் எப்படித் தேர்ந்தெடுப்பார்?

கடைக் கட்டடத்தைப் பொறுத்தவரை பெரிய செலவு ஏசி. இந்தியாவில் ஒரு யூனிட் மின்சாரத்துக்கு சராசரியாக 0.7 கிலோ கரியமில வாயு வெளியாகிறது. கோடையில் வாசல் கதவைத் திறந்துவைத்துத் தெருவையும் சேர்த்துக் குளிர்விப்பதை நிறுத்தி, 24 டிகிரியில் வைத்தால் பில்லிலேயே தெரியும். ஒரு டிகிரி கூட்டினால் ஏறத்தாழ 6 சதவீத மின்சாரம் மிச்சம் என்கிறது எரிசக்தித் திறன் செயலகம். பலர் கவனிக்காதது ஏசிக்குள் இருக்கும் வாயு. பல ஏசிகளில் இருக்கும் ஆர்-410ஏ வாயு ஒரு கிலோ கசிந்தால் இரண்டு டன் கரியமில வாயுவுக்குச் சமம். வருடா வருடம் கேஸ் நிரப்பச் சொல்லும் மெக்கானிக்கிடம், எங்கே கசிகிறது என்று கண்டுபிடிக்கச் சொல்ல வேண்டும்.

பழைய துணி கொடுத்தால் கூப்பன் தரும் திட்டத்தில் எனக்கு உடன்பாடில்லை. கூப்பன் இன்னொரு துணி வாங்கத்தான் அழைக்கிறது. சேர்ந்த துணி எங்கே போகும் என்று தெரியாமல் சேர்ப்பது இன்னும் தவறு. 2004 சுனாமிக்குப் பிறகு நாகப்பட்டினம் பக்கம் நிவாரணமாக வந்த பழைய துணி, யாரும் தொடாமல் சாலையோரம் குவிந்து நனைந்து கிடந்தது. வாங்கிக்கொள்வதென்றால், பருத்தியைத் தனியாகப் பிரித்து ஓர் ஓ.இ. மில்லுக்கோ, மெக்கானிக் ஷாப்புகளுக்குப் பனியன் வேஸ்ட் சப்ளை செய்பவருக்கோ தருவதாக முன்கூட்டியே பேசி முடித்துவிட்டு வாங்க வேண்டும். கம்பளியையும் கலப்புத் துணியையும் பழைய துணியிலிருந்து நூல் செய்யும் பானிபட் வரை அனுப்பும் வியாபாரிகள் இருக்கிறார்கள்.

ஒரு நடுத்தரக் கடையால் முதல் வருடத்திலேயே எல்லாச் சரக்கின் பூர்வீகத்தையும் தேடிவிட முடியாது. அதிகம் விற்கும் பத்துப் பதினைந்து உருப்படிகளை எடுத்துக்கொள்ளலாம்: கறுப்பு லெகிங்ஸ், சீருடை, நைட்டி, ஆண்களுக்கான டி-ஷர்ட், போர்வை. சப்ளையருக்குக் கொடுக்கும் ஆர்டர் படிவத்தில் ரகம், ஜிஎஸ்எம் (ஒரு சதுர மீட்டர் துணியின் எடை), நிறம், அளவு என்று இருக்கும் கட்டங்களோடு 'சாயப்பட்டறையின் பெயர்' என்று இன்னொரு கட்டம் சேர்க்க வேண்டும். அது காலியாக வந்தால் சரக்கை இறக்க மாட்டோம் என்று சொல்லிவிட வேண்டும். தீபாவளிச் சரக்குக்கான பேச்சு ஆடிக்கு முன்பே தொடங்கிவிடும். ஆவணி, புரட்டாசியில் பட்டறைகளில் நெருக்கடி வந்த பிறகு கேட்டால் யாரும் காதில் வாங்க மாட்டார்கள். ஆனி மாதத்துக்குள் அந்தக் கட்டம் படிவத்தில் ஏறியிருக்க வேண்டும்.